ஏசி இல்லாத ரூம், 3080 கிராஃபிக்ஸ் கார்டு மெமரி 108 டிகிரி: எதுல முதல்ல கை வைக்கணும்?

கத்திரி:

வணக்கம். ஊர் வேலூர். ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கும் மேஜை மேல இருக்கிற தெர்மாமீட்டர் 37 காட்டுது. மெஷின் விவரம்:

ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர், ஒரே ஒரு 120 மிமீ ஃபேன் உள்ள சிங்கிள் டவர் கூலர்
ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு), மூணு ஃபேன், செகண்ட் ஹேண்ட், இதுவரை திறக்கல
பி550 போர்டு, 3600 ரேம் 32 ஜிபி
750 வாட் கோல்ட் எஸ்எம்பிஎஸ்
முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வச்ச கேபினட். முன்னாடி மூணு ஃபேன் காத்தை உள்ளே இழுக்குது, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ளுது
1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்

ஆடற கேம் சைபர்பங்க் 2077, டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சின்னதா வரைஞ்சு பெருசாக்கற வசதி) குவாலிட்டி, ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம் மாதிரி கணக்குப் போடற செட்டிங்) ஆன். அரை மணி நேரம் ஓடினதுக்கு அப்புறம் எச்டபிள்யூஇன்ஃபோ (சென்சர் அளவெல்லாம் காட்டற சாஃப்ட்வேர்) காட்டுறது: ஜிபியு கோர் 79, ஹாட்ஸ்பாட் (சிப்லயே அதிகம் சுடற இடம்) 96, மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்புக்குள்ள இருக்கிற சூடு) 108, நடுநடுவே 110. ஃபேன் 88 சதவீதம். கார்டு மட்டும் 318 வாட். சிபியு 84, எஸ்எஸ்டி 71. முதல் பத்து நிமிஷம் 72 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை ஃபிரேம்) வருது, அப்புறம் 65க்கு இறங்கி அங்கேயே நிக்குது. சைடு பேனலைக் கழட்டி வச்சா மெமரி 100, கோர் 73.

கேள்விகள்: அண்டர்வோல்ட் பண்ணா (கார்டுக்குப் போற வோல்டேஜைக் குறைச்சா) எவ்வளவு எஃப்பிஎஸ் போகும்? தெர்மல் பேட் (மெமரி சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தற மெத்தை) மாத்தணுமா? சிபியுவுக்கு ஏஐஓ (தண்ணி சுத்தற கூலர்) வாங்கினா உதவுமா? 84 டிகிரி பிராசசருக்கு ஆபத்தா? ஐயாயிரத்துக்கு மேல செலவு பண்ண முடியாது.


மில்லிவோல்ட்:

முதல்ல எந்த நம்பரைப் பாத்து பயப்படணும்னு தெரிஞ்சுக்கலாம். கோர் 79 பிரச்சினையே இல்ல, 3080க்கு என்விடியா சொல்ற உச்ச வரம்பு 93. பிரச்சினை அந்த 108, 110தான். உங்க கார்டுல இருக்கிற ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 தொட்டா கார்டு தானே வேகத்தைக் குறைச்சுக்கும். உங்க 72, 65 ஆகுறது அதனாலதான். கோர் டெம்பரேச்சரை மட்டும் பாத்துட்டு "கார்டு கூலாதானே இருக்கு, ஏன் இழுக்குது"ன்னு கேக்கறவங்க நிறைய பேர். மெமரி சென்சரை ஆஃப்டர்பர்னர் (கார்டு செட்டிங் மாத்தற சாஃப்ட்வேர்) வழக்கமா காட்டாது, எச்டபிள்யூஇன்ஃபோல தேடிப் பாத்தாதான் கண்ணுல படும்.

இன்னொண்ணு. ரூம் டெம்பரேச்சரைக் கழிச்சுப் பாருங்க. 108ல 37 போனா 71. அதாவது இதே கார்டு 24 டிகிரி ஏசி ரூம்ல 95 காட்டும். யூடியூப் ரிவ்யூக்கள்ல பாக்குற நம்பர் பெரும்பாலும் 20, 22 டிகிரி ரூம்ல எடுத்தது. அதை உங்க நம்பரோட நேரா ஒப்பிடாதீங்க, ரெண்டுலயும் ரூமைக் கழிச்சுட்டு ஒப்பிடுங்க.

காசே செலவில்லாம முதல்ல செய்ய வேண்டியது அண்டர்வோல்ட். சிப் சாப்பிடுற பவர், வோல்டேஜோட ஸ்கொயரைப் பொறுத்தது. லோடுல உங்க கார்டு 1 வோல்ட் பக்கத்துல ஓடும். அதை 0.85க்கு இறக்கினா 0.85 × 0.85, ஏறக்குறைய 0.72. அதே கிளாக்ல கோர் பகுதி மட்டும் கால் பங்குக்கு மேல குறையுது. மெமரியும் விஆர்எம் (வோல்டேஜை மாத்திக் கொடுக்கற பகுதி) இழப்பும் இந்தக் கணக்குல வராது, அதனால மொத்தம் 318லருந்து 240, 260க்குள்ள வந்து நிக்கும். எஃப்பிஎஸ் போறது 3லருந்து 5 சதவீதம். ஆனா உங்களுக்கு இப்பவே சூட்டுல 10 சதவீதம் போயிட்டு இருக்கு, அதனால கணக்குல லாபம்தான்.

செய்முறை:

1. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ல எல்லாத்தையும் ரீசெட் பண்ணுங்க. கேமை ஓடவிட்டு கார்டு 60 டிகிரி தாண்டட்டும். குளிர்ந்த கார்டுல கர்வ் (எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கிளாக்னு காட்டற கோடு) போட்டா, சூடு ஏற ஏற அது 15 மெகாஹெர்ட்ஸ் படிகளா தானா இறங்கிடும். ஜிபியு பூஸ்ட் அப்படித்தான். நீங்க 1800னு போட்டது 1770ல நிக்கும்.

2. கோர் கிளாக்ல மைனஸ் 250 போட்டு அப்ளை. இப்ப மொத்தக் கோடும் கீழே இறங்கும்.

3. கண்ட்ரோல், எஃப் ரெண்டையும் சேத்து அழுத்துங்க, கர்வ் எடிட்டர் திறக்கும். கீழ் அச்சுல 850 மில்லிவோல்ட்டுக்கு நேரா இருக்கிற புள்ளியைப் பிடிச்சு 1800க்குத் தூக்குங்க. திரும்ப மெயின் விண்டோல அப்ளை. 850க்கு வலப்பக்கம் உள்ள புள்ளிங்க எல்லாம் 1800ல தட்டையாப் படுத்துடும். கார்டு இனி 850ஐத் தாண்டாது.

4. ஒரு ப்ரொஃபைல் நம்பர்ல சேவ் பண்ணுங்க. ஆனா "விண்டோஸ் ஆரம்பிக்கும்போதே அப்ளை" பட்டனை ஒரு வாரம் தொடாதீங்க. ஸ்டேபிள் இல்லாத கர்வ் பூட்லயே ஏறினா சேஃப் மோடுக்குப் போய் மல்லுக்கட்டணும்.

5. டெஸ்ட். பெஞ்ச்மார்க் ரெண்டு சுத்து ஓடினா போதாது. அண்டர்வோல்ட்ல முதல்ல விழறது ரே டிரேசிங் கேம்தான், நீங்க ஆடறதே நல்ல டெஸ்ட். ஒரு மணி நேரத்துக்குள்ள டெஸ்க்டாப்புக்கு விழுந்தாலோ, திரை கறுத்துத் திரும்பினாலோ கிளாக்கை 15 இறக்குங்க, இல்ல வோல்டேஜை 25 மில்லிவோல்ட் ஏத்துங்க. 1785 / 850, 1770 / 850, 1800 / 875 எல்லாமே நல்ல இடம்தான். ஒவ்வொரு சிப்பும் ஒரு மாதிரி, அடுத்தவன் நம்பரைக் காப்பியடிக்காதீங்க.

மெமரி இன்னும் கேட்கலன்னா மெமரி கிளாக்ல மைனஸ் 500 போடலாம். 19 ஜிபிபிஎஸ் 18 ஆகும், கேம்ல ஒண்ணு ரெண்டு சதவீதம் போகும், சில டிகிரி இறங்கும். கடைசி அஸ்திரமா வச்சுக்கோங்க. மெமரியை ஏத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த மெமரில பிழை வந்தா கிராஷ் ஆகாது, அதே டேட்டாவைத் திரும்ப அனுப்பும். வேகம் கூடின மாதிரி நம்பர் தெரியும், எஃப்பிஎஸ் குறையும்.


பவர்_லிமிட்:

மில்லிவோல்ட் சொன்னதுல தப்பில்ல. ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அவ்வளவு வேலை தேவையா? ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இழுத்து அப்ளை பண்ணா 320 வாட் 256 ஆயிடும். கிராஷ் ஆகவே ஆகாது, ஏன்னா கம்பெனி கொடுத்த கர்வ்லதான் ஓடுது. ஒரே ஒரு ஸ்லைடர்.


மில்லிவோல்ட்:

ஆமா, சோம்பேறிக்கு அதுதான் நல்ல வழி, நானே மத்தவங்களுக்குச் சொல்றது உண்டு. வித்தியாசம் என்னன்னா, பவர் லிமிட்ல கிளாக் ஒவ்வொரு சீனுக்கும் ஏறி இறங்கும். கனமான காட்சில 1600கூட தொடும். சராசரி எஃப்பிஎஸ் நல்லாத்தான் இருக்கும், ஒரு சதவீத லோ (ரொம்ப மெதுவான ஃபிரேம்களோட வேகம்) அடி வாங்கும். அண்டர்வோல்ட்ல கிளாக் கோடு போட்ட மாதிரி நேரா நிக்கும். ரெண்டையும் சேத்தும் போடலாம்: 1800 / 850 கர்வ், மேல 85 சதவீத லிமிட் ஒரு காவலுக்கு.

ஃபிரேம் கேப்பை (எஃப்பிஎஸ்ஸுக்குப் போடற உச்ச வரம்பு) மறந்துட்டேன். கனமான கேம்ல கேப் போட்டு பெருசா ஒண்ணும் மிச்சமாகாது. ஆனா 300 எஃப்பிஎஸ் ஓடற ஷூட்டர் ஆடும்போது 165 ஹெர்ட்ஸ் திரைல மீதி 135 ஃபிரேமும் வெறும் சூடு. ஜிசிங்க், விசிங்க், ரிஃப்ளெக்ஸ்ங்கற மூணு செட்டிங்கும் ஆன்ல இருந்தா அதுவே 157ல நிறுத்திடும். இல்லன்னா என்விடியா கண்ட்ரோல் பேனல்ல மேக்ஸ் ஃபிரேம் ரேட் 158னு போடுங்க.


தெற்கு_ஜன்னல்:

பேனலைத் திறந்ததும் 108, 100 ஆச்சுன்னு சொன்னீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. கார்டு கூலர் வேலை செய்யுது, அதுக்குக் குடிக்க நல்ல காத்துதான் கிடைக்கல. குற்றவாளி முன்னாடி இருக்கிற கண்ணாடி. மூணு ஃபேன் சுத்தற அழகு தெரியும், காத்து வர்றது ஓரத்துல உள்ள ஒரு விரல் சந்து வழியா மட்டும்தான்.

இன்னிக்கே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. சைடு பேனலை மூடிட்டு, முன்பக்கக் கண்ணாடியை மட்டும் கழட்டிட்டு அரை மணி நேரம் ஓட்டுங்க. மெமரி 101, 102க்கு வந்தா அந்தக் கண்ணாடி இனி பரண்ல. அதுக்குப் பதிலா நைலான் ஃபில்டர் வலையைக் காந்தப் பட்டையோட ஒட்டிக்கலாம், 120 மிமீ அளவுல தனித்தனியா கிடைக்குது. கண்ணாடி வேணும்னே வேணும்னா நாலு மூலைலயும் 10 மிமீ ஸ்பேசர் வச்சு முன்னால தள்ளி மாட்டுங்க.

ஃபேன் பக்கம்: கேபினட்ல மேல இடம் இருந்தா பின்பக்க மூலைல ஒரே ஒரு எக்ஸாஸ்ட் சேருங்க. மேல முன்பக்கத்துல போடாதீங்க, முன் ஃபேன் இழுத்த புதுக் காத்தை சிபியு கூலருக்குப் போகும் முன்னாடியே வெளியே தூக்கி எறிஞ்சிடும். எந்தப் பக்கம் காத்து போகுதுன்னு சந்தேகம்னா டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழிச்சு ஃபேன் கிட்ட பிடிங்க. ஒட்டிக்கிட்டா உள்ளே இழுக்குது, படபடன்னு பறந்தா வெளியே தள்ளுது. கார்டுக்குக் கீழே காலியா இருக்கிற பிசிஐ ஸ்லாட் தகடுங்களையும் கழட்டிடுங்க, கார்டு அடில தேங்குற சூடு வெளியேற ஒரு வழி.

சிபியு ஏஐஓ வேண்டாம். உங்களுக்குக் கஷ்டம் கார்டுல. ஏஐஓ ரேடியேட்டரை முன்னாடி மாட்டினீங்கன்னா, சிபியு சூடு கலந்த காத்தைத்தான் கார்டு குடிக்கும், இன்னும் மோசமாகும்.

இப்ப ரூம். யாரும் இதைப் பேசறதில்ல. உங்க மெஷின் மொத்தமா ஒரு 450 வாட் இழுத்தா அவ்வளவும் ரூமுக்குள்ள சூடாத்தான் இறங்குது. மணிக்கு சுமார் 1,535 பிடியு (சூட்டை அளக்கற அலகு). ஒரு டன் ஏசி வெளியேத்துறது 12,000. அதாவது ஒரு டன் ஏசியோட எட்டுல ஒரு பங்கு உழைப்பை உங்க கேம் ஒண்ணே சாப்பிடுது. ஏசி இல்லாத மூடின ரூம்ல மூணு மணி நேரம் ஆடினா ரூமே ரெண்டு மூணு டிகிரி ஏறும், மெமரியும் அதே ரெண்டு மூணு ஏறும். எத்தனை ஃபேன் மாட்டினாலும் கேபினட்டுக்குள்ள வர்ற காத்து ரூம் காத்துதான். சாயங்காலம் வெளிய காத்து ரூமை விடக் குளிர்ந்ததும் ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கமாத் திருப்பி வைங்க. மாடிக் கான்கிரீட் பகல்ல குடிச்ச வெயிலை ராத்திரி பூரா கக்கும், சீலிங் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுது.

அதனாலயே பிசி மேஜை மேல இருக்கறதை விடக் கீழே இருக்கறது நல்லது. நேரா தரைல வேண்டாம், பெருக்கும்போது பறக்கிற தூசி முழுக்க எஸ்எம்பிஎஸ் வயித்துல போகும். ஒரு சாண் உயரப் பலகை போதும். கம்ப்யூட்டர் டேபிள்ல சிபியுவுக்குன்னு ஒரு பெட்டி செஞ்சு கொடுப்பாங்களே, அதுக்குள்ள மட்டும் வைக்காதீங்க. அது அடுப்பு.

தண்ணி ஊத்துற ஏர் கூலர் பத்தி அடுத்து யாராவது கேப்பாங்க. வேலூர் மாதிரி வறண்ட வெயில்ல ரூம் நாலஞ்சு டிகிரி இறங்கும், சென்னைக் கடற்கரைக் காத்துல பிரயோசனம் ரொம்பக் கம்மி. ஈரம் உறைஞ்சு ஷார்ட் ஆகும்னு பயப்பட வேண்டாம், ஓடற பாகங்க காத்தை விடச் சூடா இருக்கறதால அதுல தண்ணி உறையாது. ஆனா நேரா கேபினட் முகத்துல அடிக்க விடாதீங்க. ஈரத் தூசி ஹீட்சிங்க்ல சேறு மாதிரி அப்பிக்கும், காஞ்சா ப்ளோயருக்கும் அசையாது.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கோங்க. காத்து வேகத்துல தாறுமாறாச் சுத்தினா பேரிங் போயிடும்.


அரைமில்லி:

பேட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அண்டர்வோல்ட்டும் கண்ணாடி டெஸ்ட்டும் முடியும் வரை ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் மெமரி 100க்கு மேல் நின்றால் மட்டும் திறக்கலாம்.

திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது பேட் தடிமன். இதில்தான் பெரும்பாலானோர் சொதப்புகிறார்கள். ஒரே 3080 சிப் என்றாலும் ஒவ்வொரு கம்பெனியும், ஒரே கம்பெனியின் ஒவ்வொரு மாடலும், மெமரிக்கு ஒரு தடிமன், விஆர்எம்முக்கு வேறு தடிமன் என்று வைத்திருக்கும். 1 மிமீ இருக்க வேண்டிய இடத்தில் 1.5 மிமீ கடினப் பேட் வைத்தால் மெமரி குளிரும். ஆனால் ஹீட்சிங்க் அரை மில்லி தூக்கிக்கொண்டு கோரின் மேல் சரியாக உட்காராது, ஹாட்ஸ்பாட் 105க்குப் பறக்கும். மெல்லியதாகப் போட்டால் மெமரி தொடாது. உங்கள் மாடலின் சரியான அளவு உறுதியாகத் தெரியாவிட்டால் பேட்டே வேண்டாம், தெர்மல் புட்டி வாங்குங்கள். களிமண் போல இருக்கும், எந்த இடைவெளிக்கும் தானே நசுங்கிப் பொருந்தும். 3080 10 ஜிபியில் பத்து மெமரி சிப்களும் கோரைச் சுற்றி முன்பக்கத்திலேயே இருக்கின்றன. 3090 போலப் பின்பக்கத்தில் கிடையாது. பேக்பிளேட்டில் பேட் ஒட்டினால் போர்டு வழியாகக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

வேலையைச் செய்யும் விதம்: கேமை பத்து நிமிடம் ஓட்டிக் கார்டைச் சூடாக்கி, அணைத்து, கரன்ட்டைப் பிடுங்கிவிட்டுக் கழட்டுங்கள். கோருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் உள்ள பழைய தெர்மல் பேஸ்ட் சூட்டில் இளகியிருக்கும், ஹீட்சிங்க்கைக் கோரிலிருந்து நெம்ப வேண்டியிருக்காது. ஸ்க்ரூக்களை எடுத்ததும் சட்டென்று தூக்காதீர்கள். ஃபேன், லைட் வயர்கள் இரண்டு மூன்று சின்ன கனெக்டரில் போர்டோடு மாட்டியிருக்கும். புத்தகத்தைத் திறப்பது போல ஒரு பக்கம் மட்டும் விரித்து, நகத்தால் கனெக்டரின் உடம்பைப் பிடித்து எடுங்கள்; வயரை இழுத்தால் சாக்கெட்டே பெயர்ந்து வரும். பழைய பேட்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பேட்டிலிருந்து வெளியேறும் சிலிகான் எண்ணெய், கரன்ட் கடத்தாது. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் விடாத துணியும் போதும்.

பேஸ்ட்: பிராசசர் மேல் பட்டாணி அளவு வைக்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். பிராசசருக்கு மேலே உலோக மூடி இருக்கிறது, சூட்டை அது பரப்பும். இங்கே சிலிக்கான் வெறுமையாக இருக்கிறது, அதுவும் 628 சதுர மிமீ. மூலையில் பேஸ்ட் படாத இடம் இருந்தால் அந்த மூலைதான் ஹாட்ஸ்பாட். பிளாஸ்டிக் அட்டையால் முழுப் பரப்பிலும் மெல்லிய, சீரான படலமாக இழுத்துவிடுங்கள். தண்ணீராக ஓடும் பேஸ்ட் வேண்டாம். தினமும் சூடாகி ஆறும்போது சிலிக்கான் விரிந்து சுருங்கி அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஆறே மாதத்தில் கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளி 12இலிருந்து 25 ஆகும். இந்த வெயிலுக்கு என் தேர்வு ஹனிவெல் பிடிஎம்7950. இது தாள் மாதிரி வரும், 45 டிகிரி வாக்கில் இளகி இடைவெளியை நிரப்பும், ஓரத்துக்கு ஓடாது. ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால்தான் மேல் படலம் கிழியாமல் உரியும். டையை (வெறும் சிலிக்கான் சிப்பை) விட ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லி கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்டிய அன்றே நம்பரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நாலைந்து முறை சூடாகி ஆறிய பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும்.

மூடும்போது கோரைச் சுற்றியுள்ள நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று என்று இறுக்குங்கள். ஒருமுறை இறுக்கி, பேஸ்ட் போடும் முன்பே திரும்பத் திறந்து பேட்களைப் பாருங்கள். ஒவ்வொரு மெமரி சிப்பும் பேட்டில் தன் சதுர அச்சைப் பதித்திருக்க வேண்டும். அச்சு விழாத பேட் இருந்தால் அந்தச் சிப் காற்றில் நிற்கிறது என்று பொருள்.

லிக்விட் மெட்டல் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி கோரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்கள் மேல் விழுந்தால் கார்டு போச்சு.


பயாஸ்_பாண்டி:

சிபியு 84க்கு ஒரு ரூபாயும் செலவு பண்ண வேண்டாம். 5800எக்ஸ்க்கு வரம்பு 90, நீங்க அதுக்குள்ளதான் இருக்கீங்க. இந்தப் பிராசசர் சுடறது கூலர் சின்னதுங்கறதால மட்டும் இல்ல. எட்டு கோரும் சுமார் 81 சதுர மிமீ உள்ள ஒரே சிப்லெட்ல நெருக்கிக் கிடக்கு. அவ்வளவு சின்ன இடத்துலருந்து சூடு மூடிக்கு ஏறி வர்றதே கஷ்டம். பெரிய கூலர் மாட்டினாலும் அஞ்சாறு டிகிரிதான் குறையும்.

பயாஸ்ல பண்ண வேண்டியது ரெண்டு. பிபிஓவை (பிராசசரோட பவர் வரம்பை மாத்தற செட்டிங்) மேனுவல்ல வச்சு பிபிடி (பிராசசர் இழுக்கக்கூடிய உச்ச வாட்) 100. ஸ்டாக் 142. கேம்ல இந்தச் சிப் பெரும்பாலும் 70, 90 வாட்டுக்குள்ளதான் சாப்பிடும், அதனால எஃப்பிஎஸ்ல வித்தியாசமே தெரியாது. வீடியோ ரெண்டர் பண்ணா மட்டும் கொஞ்சம் மெதுவாகும். அடுத்தது கர்வ் ஆப்டிமைசர் (பிராசசருக்கான அண்டர்வோல்ட்), ஆல் கோர், நெகட்டிவ், 15. ஒரு எண்ணுக்கு 3லருந்து 5 மில்லிவோல்ட் குறையும்.

இங்க ஒரு பொறி இருக்கு. கர்வ் ஆப்டிமைசர் தப்பா இருந்தா ஃபுல் லோடுல கிராஷ் ஆகாது. சும்மா பிரௌசர் திறந்து வச்சிருக்கும்போது பட்டுன்னு ரீஸ்டார்ட் ஆகும். ஏன்னா ஒரே கோர் உச்ச கிளாக்குக்கு ஓடுறது அப்பத்தான். கோர்சைக்ளர்ல (ஒவ்வொரு கோரையும் தனித்தனியா டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர்) ஒரு ராத்திரி ஓடவிட்டு எந்தக் கோர் தவறுதுன்னு பாருங்க. வழக்கமா மதர்போர்டு "பெஸ்ட் கோர்"னு சொல்ற ரெண்டுதான் முதல்ல திணறும். அதுக்கு மட்டும் மைனஸ் 8, மத்ததுக்கு மைனஸ் 15, 20.

எஸ்எஸ்டி 71. மேல் ஸ்லாட்ல, கார்டு பேக்பிளேட்டுக்குப் பக்கத்துல இருக்கும். கார்டு 70 வாட் குறைஞ்சா அதுவும் இறங்கிடும். போர்டோட வந்த ஹீட்சிங்க்கைக் கழட்டி அடில நீலப் பிளாஸ்டிக் படலம் உரிச்சிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க. சிரிக்காதீங்க, நிறைய மெஷின்ல அது அப்படியே ஒட்டிட்டுத்தான் இருக்கும்.


புது_கார்டு:

இவ்வளவு மல்லுக்கட்டறதுக்கு 3080ஐ வித்துட்டு 4070 வாங்கலாமே? வேகம் கிட்டத்தட்ட அதேதான், 200 வாட்தான்.


மில்லிவோல்ட்:

புதுசா வாங்கறவருக்குச் சரியான பேச்சு. இவர் கைல ஏற்கெனவே கார்டு இருக்கு, பட்ஜெட் ஐயாயிரம். அண்டர்வோல்ட்டுக்கு அப்புறம் வித்தியாசம் ஒரு 45 வாட். தினம் நாலு மணி நேரம் ஆடினா மாசம் அஞ்சரை யூனிட்டு. கரன்ட் பில்லுக்காக மாத்தறதுல அர்த்தமில்ல. ரூம் சூடு தாங்கலன்னா மாத்தலாம், அது வேற நியாயம்.

அண்டர்வோல்ட்ல இன்னொரு லாபம், 600 விஏ யுபிஎஸ் வச்சிருக்கறவங்களுக்கு. அதுல நிறைய மாடல் 360 வாட்டுக்கு மேல தாங்காது, ஸ்டாக் 3080 ஓடும்போது கரன்ட் போனா அந்த நொடியே யுபிஎஸ்ஸும் விழும். 3080க்கு நொடிக்குள்ள வந்து போற ஸ்பைக் வேற உண்டு. இப்பவும் 600 விஏ இடிக்கும், ஆனா 1 கேவிஏ நிம்மதியாத் தாங்கும்.


கத்திரி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கண்ணாடி போச்சு, வலை ஒட்டியாச்சு, மேல பின்மூலைல ஒரு எக்ஸாஸ்ட் சேத்தேன். 1800 / 850ல ரெண்டாவது நாள் கேம் விழுந்துச்சு, 1785க்கு இறக்கினேன், அஞ்சு நாளா விழல. பிபிடி 100, ஆல் கோர் மைனஸ் 15. ரூம் அதே 37, அதே கேம், ஒரு மணி நேரம்:

கோர் 67, ஹாட்ஸ்பாட் 82, மெமரி 94, ஃபேன் 65 சதவீதம், 246 வாட். சிபியு 75. எஸ்எஸ்டி 62. எஃப்பிஎஸ் 70, கடைசி வரைக்கும் 70.

மொத்தச் செலவு ரெண்டாயிரத்துக்குள்ள. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, எச்டபிள்யூஇன்ஃபோல கிளாக் 1785ன்னு இருக்கு, ஆனா "எஃபெக்டிவ் கிளாக்"னு ஒரு வரி 1740 காட்டுது. ரெண்டு, இப்ப பேட் மாத்தணுமா?


மில்லிவோல்ட்:

எஃபெக்டிவ் கிளாக்தான் நிஜம். ஒரே ஒரு புள்ளியை மட்டும் செங்குத்தாத் தூக்கினா அப்படி வரும், 850க்கு முந்தின புள்ளிங்க எல்லாம் மைனஸ் 250ல பள்ளத்துல கிடக்குதில்ல. 800லருந்து 850க்குள்ள இருக்கிற புள்ளிங்களைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கி, 1785ஐ நோக்கி ஏறுற சரிவு மாதிரி பண்ணுங்க. எஃபெக்டிவ் 1770 பக்கம் வந்துடும், எஃப்பிஎஸ் ஒண்ணு கூடலாம். ஆனா வாட்டும் கொஞ்சம் ஏறும், மறுபடி ஒரு வாரம் டெஸ்ட் பண்ணணும். 70 போதும்னா அப்படியே விட்டுடுங்க.


அரைமில்லி:

திறக்க வேண்டாம். ரூமைக் கழித்தால் மெமரி 57தான் ஏறியிருக்கிறது, ஹாட்ஸ்பாட் இடைவெளி 15. இரண்டுமே செகண்ட் ஹேண்ட் கார்டுக்கு நல்ல எண்கள். இன்றைய எண்களை ரூம் டெம்பரேச்சரோடு சேர்த்து ஒரு இடத்தில் எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே கேம், அதே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் இடைவெளி 22ஐத் தாண்டினால் பேஸ்ட். இடைவெளி அப்படியே இருந்து மெமரி மட்டும் ஏறினால் பேட். இரண்டும் சேர்ந்து ஏறினால் முதலில் அந்த நைலான் வலையைக் கழட்டித் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.